சிவப்புக் கோடு வரும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அம்மா வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பாள். மின்விசிறி, ரேடியோ, சமையலறை பல்பு, ஒன்றுகூட விடமாட்டாள். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவில் அப்போது பேருக்குக்கூட மரம் கிடையாது. வெயில் கூரையைப் பிளக்கும். நானும் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்போம். அம்மா வாசல் பக்கச் சுவரில் இருந்த கரண்ட் மீட்டருக்கு முன்னால் போய் நிற்பாள்.

மீட்டரின் கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம் படுத்தவாக்கில் இருக்கும். அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. வீட்டில் எல்லாம் அணைந்திருந்தால் அந்தச் சக்கரம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நிற்காது. யாரோ உண்டுவிட்டு முற்றத்தில் உலாத்துவது மாதிரி மெதுவாகச் சுற்றும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சிவப்புக் கோடு கண்ணாடிக்கு நேராக வரும். கோடு வந்ததும் அம்மா, "வந்துட்டான்" என்பாள்.

செத்துப்போன என் அண்ணனைத்தான் சொன்னாள்.

பிறகு எதுவும் நடக்காததுபோல் விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை பிள்ளை வீட்டில் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். அழமாட்டாள். அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

நைனா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலிக்காரர் வீடு, சேலத்துக்காரர் வீடு என்று போய்ச் சரிசெய்துவிட்டுக் காபி குடித்து வருவார். சொந்த வீட்டு மீட்டர் சும்மா சுற்றுவதை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று நானே அவர் காதுபடச் சொல்லியிருக்கிறேன். "பழைய வயரிங்கு பாப்பா. எங்கியோ லீக்கேஜ் கீது. பாக்கலாம்" என்பார். அந்தப் 'பாக்கலாம்' பத்து வருடம் ஓடியது.

பில் அதற்கேற்ப வந்தது. இரண்டு விளக்கும் இரண்டு விசிறியும் இருக்கும் வீட்டுக்கு, பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தவர் சிரிக்கும்படி வந்தது. கணக்கெடுக்க வருபவர் கார்டில் எழுதிவிட்டு, மீட்டரில் கோளாறில்லை என்று சத்தியம் செய்வார். நான் கத்துவேன். அம்மா ஒரே ஒரு முறை பதில் சொன்னாள்.

"அவன் இன்னா சோறு துன்றானா, துணி கேக்குறானா? அவனுக்கு ஆவுற செலவு இதான். உட்டுடு."

நைனா பில்லை எடுத்துக்கொண்டு கட்டப் போனார்.

அண்ணன் போனது எண்பதுகளின் நடுவில். தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிவி வந்துகொண்டிருந்த காலம். நாங்களும் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கினோம். எனக்குப் பதின்மூன்று வயது, அண்ணனுக்கு இருபது. மொட்டைமாடியில் ஆன்டெனா நட வேண்டும். எங்கள் பக்கம் படம் சரியாக வராது என்பதால் அதோடு பூஸ்டர் என்று ஒரு பெட்டியும் வைக்க வேண்டும். பூஸ்டருக்குக் கரண்ட் வேண்டும்.

தொழிற்சாலைக்காரர்கள் வீட்டு வயரிங்கைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து மிஞ்சும் கேபிள் துண்டுகள் அங்கே குப்பைக்குப் போகும். அவற்றை 'கட் பீஸ்' என்பார்கள். எங்கள் தெருவில் யாரும் கடையில் முழுச் சுருள் வயர் வாங்கியதில்லை. முழம் முழமாகக் கட் பீஸை ஒட்டித்தான் வீட்டுக்கு வெளிச்சம் வந்தது. அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒட்டு எப்போதும் பெட்டிக்குள் வர வேண்டும். சுவருக்குள் போகும் இரும்புப் பைப்பில் ஒட்டு இருக்கவே கூடாது. நைனா இதைச் சாமி பேர் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைனாவுக்கு ஓவர்டைம். "நான் நாலு மணிக்கு வந்துடுவேன். வந்து ரெண்டு பேருமா ஏத்தலாம். கைய வெக்காதே" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். மதியம் டிவியில் ஏதோ பாட்டு நிகழ்ச்சி. அண்ணனுக்கு நாலு மணி வரை பொறுக்கவில்லை. எனக்கும்தான். காலையிலேயே மீட்டர் பலகையிலிருந்து மாடிக்குப் பைப்பு வழியாக வயர் இழுத்துவிட்டான். சுவிட்ச் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று பலகையில் ஒரு பியூஸ் கட்டையை மட்டும் வைத்து, மெயினிலிருந்தே நேராகக் கொடுத்தான். மதியம் கம்பத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு மாடியில் அவன், கீழே டிவிக்கு முன்னால் நான்.

"தெரியுதா பாப்பா?"

"புள்ளி புள்ளியா வருதுண்ணா!"

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்! ரோட்டுப் பக்கம் திருப்பு! இன்னும் கொஞ்சம்!"

ரோட்டுப் பக்கம் கரண்ட் கம்பி போனது. கம்பத்தைத் திருப்பியவன் அதைச் சாய்க்கவும் செய்திருக்கிறான். ஒரு கணம் படம் பளிச்சென்று வந்தது. பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மூக்குத்திகூடத் தெரிந்தது. "வந்துச்சுண்ணா! வந்துச்சு!" என்று கத்தினேன். டிவி அணைந்தது. ச்சே, கரண்ட் போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்னை நானே இன்றுவரை மன்னித்ததில்லை. அதன் பிறகுதான் மாடியில் கம்பம் விழும் சத்தம் கேட்டது.

டிவியை ஒரு மாதத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மாடியில் இருந்ததையெல்லாம் நைனா கழற்றிப்போட்டார். 'இன்னும் கொஞ்சம்' என்று சொன்னது நான் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் அம்மா எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது மீட்டர் சுற்றுவதைப் பார்த்திருக்கிறாள். அப்படித்தான் அது தொடங்கியது.

மழைக்காலத்தில் மட்டும் சில நாள், எல்லாவற்றையும் அணைத்ததும் சக்கரம் நின்றுவிடும். அம்மா அப்போது தினமும் அணைத்துப் பார்ப்பாள், மற்றபடி படுக்கையை விட்டு எழமாட்டாள். "ரெண்டு நாளா அவன் வரலடி" என்பாள். சோறு இறங்காது. ஒருமுறை மூன்று நாள் வெறும் தண்ணீரில் இருந்தாள். நான்காம் நாள் காலையில் சக்கரம் தானாகச் சுற்றத் தொடங்கியிருந்தது. எழுந்து தலைசீவிக்கொண்டாள். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் மீட்டரைக் கடந்து போகும்போது பார்வையை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். அந்தக் கோடு வந்து என்னைத்தான் பார்க்கிறது, 'இன்னும் கொஞ்சம்' என்று சொன்னவள் நீதானே என்று கேட்கிறது என்று தோன்றும்.

படிப்பு முடித்து நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். சோலார் விளக்கு செய்யும் இடம். நீலத் தகடு மாதிரி இருக்கும் செல்களை வரிசையாகப் பற்றவைப்பது பெண்களின் வேலை. மூலை உடைந்த செல் இருந்தால் பேனலைக் கழித்துவிடுவார்கள். கழித்தவை எங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். யாரும் வாங்கமாட்டார்கள். சூரியனை வீட்டுக்குக் கூட்டிப் போய் என்ன செய்வது என்று சிரிப்பார்கள். நான் நான்கு வாங்கினேன். பில்லைக் குறைக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்தச் சக்கரம் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

யோசனை எளிமையானது. விளக்கு, சின்ன விசிறி எல்லாவற்றையும் பேட்டரியில் ஓடும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுவது. கரண்ட் கம்பியின் தயவை முடிந்தவரை விடுவது. அம்பத்தூரை அடுத்த பாடியில் லாரி பேட்டரிகளைப் புதுப்பித்து விற்பவரிடம் ஒன்று வாங்கினோம். பழைய பேட்டரியைச் சோலாருக்கா என்று அவர் நைனாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நைனா இரும்பு ஆங்கிள் அறுத்து, பேனல்கள் தெற்கே சாய்ந்து நிற்க ஒரு சட்டம் பற்றவைத்தார். ஒரு விடுமுறை நாள் முழுக்க சாக்பீஸோடு மாடியில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரின் நிழல் மணிக்கு மணி எங்கே விழுகிறது என்று கோடு போட்டார். ஒரே ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் முழுப் பேனலும் படுத்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். அண்ணன் போன பிறகு அவர் மாடியில் அத்தனை நேரம் இருந்தது அன்றுதான். முகம் வெளுத்துப்போய் இறங்கினார். வெயில் என்றார்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரே விஷயத்தில். மாடியிலிருந்து பேட்டரிக்கு வயர் இறக்க வேண்டும். சுவருக்குள் பைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அண்ணன் வயர் இழுத்த அதே பைப்பு. அதற்குள் இருப்பதைப் பிடுங்கிவிட்டு நம் வயரை விடலாம் என்றேன்.

"அந்தப் பைப்பு வோணாம்" என்றார் நைனா.

"ஏன்?"

"வோணாம்னா வோணாம். வெளிய கிளிப்பு அட்ச்சி இறக்கிக்கலாம்."

"மழையில நனையும். பத்து வருசமா லீக்கேஜ் லீக்கேஜ்னு சொல்லிகினு கீறியே, இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா செய்யலாமே நைனா."

அவர் கிளிப்புகளை எண்ணத் தொடங்கினார். பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பயப்பட எனக்கில்லாத உரிமை இவருக்கு மட்டும் என்ன என்று.

அடுத்த ஞாயிறு அவருக்கு ஓவர்டைம். அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் மெயினை அணைத்துவிட்டு மீட்டர் பலகையைக் கழற்றினேன். பலகையில் மூன்று பியூஸ் கட்டைகள். ஒன்று விளக்குக்கு, ஒன்று விசிறிக்கு. மூன்றாவது எதற்கென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதைப் பிடுங்கினேன். அதிலிருந்துதான் அண்ணனின் வயர் பைப்புக்குள் போனது. பழைய வயரின் வாலில் புது வயரைக் கட்டி மாடியிலிருந்து விட்டு, கீழேயிருந்து இழுப்பது வழக்கம். அப்படியே செய்தேன். பாதியில் எதுவோ தட்டியது. பலம் கொண்டு இழுத்தேன்.

ஒட்டு வெளியே வந்தது.

மேல் பாதி மஞ்சள் வயர், கீழ்ப் பாதி சாம்பல். நைனா கொண்டுவந்த கட் பீஸ் நீளம் போதாமல் இரண்டையும் ஒட்டியிருக்கிறான். ஒட்டின் மேல் இன்சுலேஷன் டேப்புக்குப் பதிலாகக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தான். அவசரம். அது கருகி, அப்பளம் மாதிரி பொடிந்துபோயிருந்தது. செம்பு நேராக இரும்பில் உரசிய இடம் மட்டும் பளபளத்தது. பத்து வருடமாக எங்கள் வீட்டுக் கரண்ட் அந்த இடத்தில் பைப்புக்குள் புகுந்து மண்ணுக்குப் போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றியது அது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூன்றாவது பியூஸ் கட்டையைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அதிலிருந்த பியூஸ் கம்பி புத்தம் புதிதாக மின்னியது. பலகைக்குப் பின்னால் கைவிட்டால் எரிந்துபோன பழைய பியூஸ் கம்பித் துண்டுகள் கிடந்தன. ஒன்றிரண்டில்லை, ஒரு கைப்பிடி. மழை வந்தால் பைப்பு நனைந்து லீக்கேஜ் அதிகமாகி பியூஸ் போகும், சக்கரம் நிற்கும். அம்மா படுத்துக்கொள்வாள். யாரோ புதுக் கம்பி போட்டால்தான் சக்கரம் மறுபடி சுற்றும். அந்த யாரோ யார் என்று கேட்க வேண்டியதில்லை. திருகாணிகளில் நைனா வழக்கமாகத் தடவும் கிரீஸ் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் வேலையை முடித்தேன். புது வயரைப் பேட்டரியோடு சேர்த்து, பலகையை மாட்டி, மெயினைப் போட்டேன். மூன்றாவது கட்டையை மட்டும் திரும்ப வைக்கவில்லை.

மதியம் சாப்பாடு முடிந்தது. அம்மா எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். சிவப்புக் கோடு கண்ணாடியின் இடது ஓரத்தில், பாதி வெளியே பாதி உள்ளே, நின்றிருந்தது. அம்மா காத்திருந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி காத்திருந்தாள்.

"வரமாட்டேங்கிறான்" என்றாள்.

"அவன் இல்லம்மா. இதான்" என்று வயரைக் கொடுத்தேன்.

அவள் நம்பிக்கையைக் கொல்லவே கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை கோபம் எனக்குள் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து வயரை மடியில் வைத்துக்கொண்டாள். ஒட்டை விரலால் தடவினாள். பிளாஸ்திரியின் மிச்சம் விரலில் ஒட்டியது.

"இது என் டப்பாவுல இருந்த பிளாஸ்திரி. இன்னாத்துக்குடா, கைய வெட்டிக்கினியான்னு கேட்டேன். இல்லம்மான்னு சிரிச்சிகினே எடுத்துகினு போனான்."

நைனா வந்தது நாலு மணிக்கு. வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் அம்மாவின் மடியைப் பார்த்தார், பலகையில் காலியாக இருந்த மூன்றாவது இடத்தைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியுமா உனுக்கு?" என்றாள் அம்மா.

"மொத மழையிலயே தெரியும். பியூஸு போச்சி, வயரப் பாதி உருவிப் பாத்தேன். நான் கொணாந்த கட் பீஸு பத்தல. ரெண்டு முழம் கூட கொணாந்திருந்தா ஒட்டே வந்திருக்காது." தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "கழட்டிப் போட்டுடலாம்னுதான் நெனச்சேன். நீ படுத்துகினே. சோறு துன்னல. நான் இன்னா பண்ணட்டும்? பைப்புக்கு எர்த்து கீதான்னு பாத்துட்டு, வயரத் திரும்ப உள்ள உட்டுக் கம்பியப் போட்டேன். வருசா வருசம் போட்டேன்."

பேனலின் நட்டுகளை இன்னும் முடுக்கவில்லை என்று நைனா யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

எனக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கம்பெனியில் ஒருத்தியிடமிருந்து சின்ன டிவி ஒன்று வாங்கி ஒரு வாரமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். பேட்டரியில் ஓடும், தலையிலேயே இழுத்துவிடும் கம்பி உண்டு, மாடியில் கம்பம் வேண்டாம். அதற்காகவே வாங்கியது. அதை எடுத்துப் பேட்டரியில் இணைத்தேன். புள்ளி புள்ளியாக வந்தது. கம்பியைத் திருப்பினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்னு சொன்னது நான்தாம்மா" என்றேன். பத்து வருடத்தில் முதல்முறையாக. "ரோட்டுப் பக்கம் திருப்பச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றாள். "அடுப்பாண்டதானே நின்னுகினு இருந்தேன். இன்னும் கொஞ்சம்னே. அப்பால வந்துச்சுன்னு கத்தினே. ரெண்டும் காதுல உழுந்துச்சி. நீ பதிமூணு வயசுப் பொண்ணு, உனுக்கு இன்னா தெரியும்?" மடியில் இருந்த வயரைச் சுருட்டினாள். "நீ வந்துச்சுன்னு சொன்னது அவன் காதுல உழுந்துச்சா, உழலியான்னுதாண்டி எனக்குத் தெரியல. படம் வந்தத கேட்டுட்டுப் போனானா, கேக்காமயே போய்ட்டானா? அதான் வாராவாரம் போய் நின்னு பாக்குறேன்."

டிவியில் படம் பளிச்சென்று நின்றது.

"இப்போ சொல்லு" என்றாள் அம்மா. "அவனுக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

கூரையைப் பார்த்து, அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் கத்தினேன்.

"வந்துச்சுண்ணா! வந்துச்சு!"

மாடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு நைனாவின் குரல், உடைந்துபோய், மேலேயிருந்து வந்தது.

"தெரியுதா பாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து படிக்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

"தெரியுதுய்யா, நல்லாத் தெரியுது" என்றாள். "எறங்கி வா."